பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளினிக்குக்கு நாலு நிறுத்தம்

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். கோணல்மாணலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், வருஷமும் மறந்துபோகிறது. ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டாக்டரின் கிளினிக்கில் ஆயாவாக இருந்தேன். இது தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. புதிதாக ஆயா வேலைக்கு வருகிற பெண்களுக்காக எழுதுகிறேன்.

பாஷா பாய் ஒரு கம்பெனியில் டிராலி தள்ளுகிறவர். கொஞ்சம் நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். பஸ் ஸ்டாண்டில் இறங்கி கிளினிக் வருவதற்குள் சைக்கிள் கடை, டீக்கடை, பிரியாணிக் கடை, மருந்துக் கடை என்று நாலு இடத்தில் நிற்பார். கால் ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து அடைக்கிறது என்றார் டாக்டர். பீடியை விடச் சொன்னார், தினமும் நடக்கச் சொன்னார், கொலஸ்ட்ரால் மாத்திரை தினம் ஒன்று எழுதினார்.

இரண்டு மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தால் கொலஸ்ட்ரால் இறங்கவே இல்லை.

"மாத்திரை போட்டியா?"

"ஒரு நாள்கூடத் தவறல சார்."

"அப்புறம் ஏன்யா இறங்கல? திங்கக்கிழமை வா. பெங்களூருக்கு லெட்டர் தரேன். கால்ல ஆபரேஷன்தான். டிராலியை மறந்துடு."

பாய் முகம் செத்துப்போயிற்று.

திங்கட்கிழமை அவரோடு அவர் சம்சாரம் பாயம்மாவும் வந்தார். வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த என்னை ஓரமாக இழுத்தார்.

"அக்கா, வேப்பனப்பள்ளியில இருந்து என் அண்ணனும் அண்ணியும் வந்திருக்காங்க. மாத்திரை பத்தாது. சேத்து எழுதச் சொல்லுங்க."

"அவங்களுக்கும் கால் வலியா?"

"இல்லக்கா. எல்லாரும் ஒரே தட்டுல கை வெச்சு சாப்பிடறோம். அதே கறிதான எல்லா வயித்துக்கும் போகுது? இவரு மட்டும் மாத்திரையை வாயில போட்டுக்கிட்டா நல்லாவா இருக்கும்? தினம் ஒண்ண நாலா உடைச்சு நாலு பேரும் போட்டுக்குவோம். இப்ப ஆறா உடைச்சா தூளாப் போயிடுதுக்கா."

உள்ளே டாக்டர் லெட்டருக்குப் பேனாவைத் திறந்துவிட்டார். நான் அவரிடம் "சரிங்க சார்" தவிர வேறு பேசியதே இல்லை. துணியை நனைத்துக்கொண்டு போய், தரையைத் துடைத்தபடி, மேஜைக்கு அடியில் பார்த்துச் சொன்னேன்:

"சார், பாய் வாய்க்குப் போறது நாலுல ஒரு துண்டுதாங்க. மிச்சம் வீட்டுல பங்குங்க."

டாக்டர் முறைத்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். லெட்டரைக் கிழித்துவிட்டுப் பாயம்மாவை உள்ளே கூப்பிட்டார்.

"சோத்தைப் பங்கு போடுங்கம்மா. மாத்திரை பாய்க்கு மட்டும்."

"விருந்தாளி வந்தாக்கூடவா சார்?"

"மாப்பிள்ளையே வந்தாலும்!"

அடுத்த தடவை ரத்தத்தில் கொலஸ்ட்ரால் இறங்கியிருந்தது. பாய் தினமும் நடந்தார்; நிற்கும் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. டிராலியும் அவரிடமே இருந்தது. சில மாதம் கழித்து பிரியாணிக் கடை முன்னால் மட்டும் நின்றிருந்தார். பதறிப்போய் ஓடினேன்.

"என்ன பாய், மறுபடி வலிக்குதா?"

"வலி இல்லக்கா. வாசனை."

மாத்திரை எத்தனை வேளை என்று சொல்வதோடு, வீட்டில் அதை யார் யார் சாப்பிடுவார்கள் என்றும் கேளுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

மருந்து விஷயம் நான் எழுதியது சரியா என்று யாராவது டாக்டரிடம் காட்டிப் பாருங்கள். சைக்கிள் கடை முதலா, டீக்கடை முதலா என்பதையும் ஓசூர்க்காரர்கள் யாரையாவது கேளுங்கள். மூன்றாவது பிரியாணிக் கடைதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை.