மாத்திரைக்குத் தாள் ஆடும்

அரவேணுவில் பேருந்து நிற்கிறது. முன்னால் சாலையில் மரம் விழுந்துவிட்டது. மழைக்கு ஒரு தையல் கடைக்குள் ஒதுங்குகிறேன். உள்ளே இங்கிலீஷ் வகுப்பு நடக்கிறது. தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் மூவர், உதட்டுக்கு எதிரே ஆளுக்கொரு துண்டுத் தாளைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகிறவர்களாம்.

மாத்திரைக்கு ஒரு 'பில்', கடையில் தரும் சீட்டுக்கு ஒரு 'பில்'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். இங்கிலீஷில் மாத்திரையைச் சொன்னால் மூச்சுப் பட்டுத் தாள் ஆட வேண்டும். சீட்டைச் சொன்னால் ஆடக் கூடாது. சொல்லித்தரும் தையல்கார அம்மா கைபேசியில் ஒரு பெண் குரலை ஓடவிடுகிறார். மூவரும் திருப்பிச் சொல்கிறார்கள்.

"குரல் சுத்தமா இருக்கே, யாருதுங்க?" என்கிறேன்.

"என் தங்கச்சிதுங்க. இங்க படிச்சுட்டுத்தான் போனா. அங்க காய்ச்சல்ல கெடந்து மாத்திரை கேட்டிருக்கா. பிசகில்லாமத்தான் கேட்டான்னு கூட வேலை செஞ்சவ சொன்னா. ஆரும் வாங்கித் தரலைங்க. பொட்டியிலதான் ஊடு வந்தா."

மூவரும் தலை நிமிரவில்லை. அவர்களுக்கு இது தெரிந்த கதை. எனக்குக் கோபம்தான் வருகிறது.

"அதுக்கப்புறமும் எதுக்குங்க இந்தப் பாடம்?"

"கேட்டது புரியலைன்னு அந்த ஊட்டுக்காரங்க சொல்லக் கூடாதில்லைங்க."

கைபேசியை மறுபடி அழுத்துகிறார். தங்கை மாத்திரை கேட்கிறாள். மூன்று தாள்களும் ஆடுகின்றன.