ஒரு காது தெருவுக்கு

"தள்ளு. நிறுத்து. பின்னால போ. இப்ப மறுபடி தள்ளு."

எங்கள் துறைமுக ஊரான தக்கொராடியில், மார்க்கெட் வட்டத்தின் நடுரோட்டில் ஆரபா அக்கா குந்தி உட்கார்ந்திருக்கிறார். எதிரே கிழங்கு மூட்டைகளோடு ஒரு தள்ளுவண்டி. அதன் சக்கரத்துக்குப் பக்கத்தில் போனை நீட்டிப் பிடித்திருக்கிறார். சக்கரம் கீச்சிடும்போதெல்லாம் முகம் மலர்கிறது. பின்னால் டாக்சிகள் வரிசை கட்டி ஹாரன் அடிக்கின்றன. வண்டிக்காரனுக்கு வியர்த்து ஊற்றுகிறது.

"சக்கரத்துக்கு எண்ணெய் கிண்ணெய் போட்ட, கொன்னுடுவேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் இது இப்படியே அழணும்" என்று சொல்லி எழுந்து, பாவாடையைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறார்.

இவர் போட்ட பாட்டுக்குத்தான் லாகோஸில் மாப்பிள்ளைகள் கல்யாணத்தில் ஆடுகிறார்கள், அபிஜானில் கண்டக்டர்கள் பஸ்ஸின் பக்கவாட்டைத் தட்டுகிறார்கள், டக்காரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வகுப்பில் முணுமுணுத்து வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். எங்கள் தெருவில் மட்டும் ஆரபா குவான்சா என்றால், இரவல் வாங்கிய உலக்கையைத் திருப்பித் தராதவர் என்றுதான் பெயர். உலக்கையைக் கேட்டால், "அதோட சத்தம் இன்னும் முழுசா எடுக்கல" என்பார். கால்களில் எப்போதும் ஜோடி சேராத இரண்டு ரப்பர் செருப்புகள். தலையில் பெரிய ஹெட்போன். அதில் ஒரு பக்கம் இடது காதில் உட்கார்ந்திருக்கும், மறுபக்கம் வலது காதுக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கும். ஏன் அக்கா இப்படி என்று கேட்டால், "ஒரு காது பாட்டுக்கு, ஒரு காது தெருவுக்கு. ரெண்டையும் மூடிக்கிட்டா நான் வீட்டுக்குள்ள போன மாதிரி" என்பார்.

நான் கீழே தையல் கடை வைத்திருக்கிறேன். அவருடைய ஒலிப்பதிவு அறை என் தலைக்கு மேல். சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை ஆணியடித்து நிறுத்தியிருப்பதால், புதிதாக வருகிறவர்கள் மெத்தை விலை கேட்டுவிட்டுப் போவதுண்டு. ஒலிப்பதிவு நடக்கும்போது மின்விசிறி கூடாது. அக்ராவிலிருந்து கறுப்புக் கண்ணாடியும் சங்கிலியுமாக மேலே ஏறுகிற நட்சத்திரங்கள், சாயங்காலம் பனியனோடு இறங்கி வந்து என்னிடம் தண்ணீர் கேட்பார்கள். எனக்கு அந்தக் காட்சி அலுத்ததே இல்லை.

என் தையல் மெஷினும் அவர் பாட்டுகளில் இருக்கிறது. கேட்காமல் எடுத்ததுதான். ஒரு நாள் ரேடியோவில் ஏதோ காதல் பாட்டு ஓட, இது நம் மெஷின் மாதிரி இருக்கிறதே என்று காதைத் தீட்டினேன். நான்தான் பாவாடைக்குக் கரை அடித்துக்கொண்டிருந்தேன், ஊசி முறிகிற இடம் உட்பட! மேலே ஓடிப்போய்ச் சண்டை போட்டேன். "உன் மெஷினே சந்தோஷமாப் பாடுது தம்பி, நீ எதுக்கு அழுவுற?" என்றார்.

பாட்டு முடிந்ததா இல்லையா என்று தீர்மானிக்க அவரிடம் ஒரு வழி உண்டு. ஜன்னலில் ஸ்பீக்கரை வைத்துத் தெருப் பக்கம் திருப்பிவிட்டு, திரைக்குப் பின்னால் நின்று போகிறவர் வருகிறவர்களின் இடுப்பைப் பார்ப்பார். முகத்தைப் பார்க்கமாட்டார். "மூஞ்சி மரியாதைக்குச் சிரிக்கும். இடுப்பு பொய் சொல்லாது." பாதிரியார் ஒருவர் பைபிளோடு நடந்து போகையில் அவர் இடுப்பு இடது பக்கம் லேசாக வெட்டினால் போதும், பாட்டு வெந்துவிட்டது என்று அர்த்தம். ஒருவரும் அசையவில்லையென்றால், "இன்னும் வேகல" என்று ஸ்பீக்கரை உள்ளே இழுத்துக்கொள்வார்.

பாட்டு தயாரிக்கிற இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் பாட்டின் தலையில் தங்கள் முத்திரையை வைப்பார்கள். ஏதாவது ஒரு பெண்ணைக் கூப்பிட்டுத் தங்கள் பெயரை ஆங்கிலத்தில் கிசுகிசுக்கச் சொல்வார்கள். ஆரபா அக்காவின் முத்திரை எக்குவா அத்தையின் கூவல்.

எக்குவா அத்தை எங்கள் தெருவில் டொக்கொனோ விற்கிறவர். புளித்த சோள மாவை வாழைச் சருகில் கட்டி வேகவைத்த உருண்டை. அரைத்த மிளகாயும் பொரித்த மீனும் சேர்ந்தால் அதற்கு ஈடு கிடையாது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அத்தை அந்த வாயை வைத்தே பிள்ளைகளையெல்லாம் கரையேற்றியவர். காலையில் அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு, "டொக்கொனோ ஓஓஓ…" என்று இழுத்து, கடைசியில் தொண்டையில் ஒரு வெட்டு வெட்டி "ஹே!" என்று முடிப்பார். அந்த வெட்டில் வயிறு தானாகத் திறந்துகொள்ளும். ஒவ்வொரு பாட்டுக்கும் அக்கா அவர் பின்னாலேயே போய்ப் புதிதாக ஒரு கூவலைப் பிடித்துவருவார். பழையதை மறுபடி போடமாட்டார். பாட்டின் வருமானத்தில் அத்தைக்கும் பங்கு உண்டு. அதில் ஒரு குறையும் வைத்ததில்லை.

கூவல் முடிந்ததும் பாட்டில் மத்தளம் இறங்கும். தும்-தக-தும். அங்கேதான் வினை.

டிசம்பர் பிறந்ததும் அத்தை "ஹே!" என்று முடித்தால் போதும், தெருவே மத்தளத்தை வாயால் போட ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகள் ஆடினார்கள். டாக்சிக்காரர்கள் ஹாரனில் தும்-தக-தும் அடித்தார்கள். ஒரு கனவான் தன் போன்தான் அடிக்கிறதென்று எல்லாப் பைகளையும் துழாவினார். எல்லோரும் அத்தையைப் பார்த்துக் கைதட்டி, ஆடி, சிரித்துவிட்டு, பசியை மறந்து போய்விட்டார்கள். அண்டா போனபடியே திரும்பி வந்தது. ஒரு நாள் அத்தை கூவுவதையே நிறுத்திவிட்டார். பொட்டுச் சத்தமில்லாமல் தெருவைக் கடந்து போனார். எனக்கு அன்று மெஷினை மிதிக்கவே மனம் வரவில்லை.

அன்று மாலையே என் கடை வாசலில் வைத்து அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டி ஆரபா, என் வாயை எடுத்துப் பாட்டுல வச்சுட்ட. இப்ப நான் வாயத் தொறந்தா ஊரே குதிக்குது. குதிக்கிற பய எவனாவது ஒரு உருண்டை வாங்குறானா?"

"பங்கைக் கூட்டித் தரேன் அத்தை…"

"உன் காசை யாரு கேட்டா? நான் கூவினா சனத்துக்குப் பசிக்கணும். அவ்வளவுதான். இனிமே உனக்குக் கூவல் கிடையாது, எனக்கும் கிடையாது. போ."

அக்கா மாடிப்படி ஏறிப் போய்விட்டார்.

நேரம் பார்த்து வந்த வம்பு. எங்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்கு வேஷக்காரர்கள் இறங்குவார்கள். முகமூடி, தலையிலிருந்து கால்வரை கொசுவக் கொசுவமாகக் கலர் துணி, பின்னால் பித்தளை வாத்தியக் கூட்டம். அந்தத் துணிகளைத் தைத்துத் தைத்தே எனக்கு டிசம்பரில் முதுகு கழன்றுவிடும். அன்றைக்கு வட்டத்தில் எடுபடுகிற பாட்டுதான் அடுத்த வருஷம் முழுக்கக் கடற்கரை நெடுக ஓடும். அதற்காகவே எபோ என்ற பாடகன் அக்ராவிலிருந்து வந்து மேலே குடியிருந்தான். பாட்டு தயார். தள்ளுவண்டிச் சக்கரம்கூட உள்ளே போயாகிவிட்டது. தலையில் கூவல் மட்டும் இல்லை.

"பழசுல ஒண்ணை எடுத்து ஒட்டிடுங்கக்கா" என்றான் எபோ.

"நேத்து மீனை இன்னைக்குப் புது மீனுன்னு விப்பியா?"

"மீன் விக்கிறவங்க அதைத்தானக்கா பண்றாங்க!"

அக்கா செருப்பைக் கழற்றினார். எபோ தானே கூவித் தருவதாகச் சொல்லி, ஜன்னலில் நின்று முயன்றும் பார்த்தான். கீழே கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

மறுநாள் காலை அக்காவே அத்தையின் அண்டாவைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். "நீ சும்மா நடந்து வா அத்தை. நான் கூவி வித்துத் தரேன். அப்புறம் கோவம் தணிஞ்சா ஒரு கூவல் குடு." தெரு முனையில் நின்று வாயைத் திறந்தார். அடடா! எத்தனையோ தேசத்தை ஆட்டிவைக்கிறவரின் குரல் துருப்பிடித்த கீல் மாதிரி இருந்தது. ஒருவரும் ஆடவில்லை, ஒருவரும் வாங்கவில்லை, ஒரு நாய் மட்டும் எழுந்து இடம் மாறிப் படுத்தது. அத்தை சிரித்துச் சிரித்துச் சாக்கடைக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்டாவை வாங்கிக்கொண்டார். கூவல் தரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அக்கா என் கடைக்குள் வந்து தைத்துப் போட்ட கொசுவத் துணிக் குவியல்மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"தம்பி, தினம் அத்தை கூவலக் கேட்டுத்தான் நான் கண்ணு முழிக்கிறது. இப்ப இந்தக் காதுல ஒண்ணுமே இல்ல." தெருவுக்கென்று வைத்திருக்கும் காதைத் தொட்டுக் காட்டினார். "பாட்டுல அந்த இடத்தைக் காலியா விட்டுட்டேன்."

"காலியான்னா?"

"காலின்னா காலி. கிட்டார் வரும், அப்புறம் ஒண்ணுமில்ல, அப்புறம் மத்தளம்."

மாடியிலிருந்து எபோவின் புலம்பல் கேட்டது. "தலையில ஓட்டை போட்ட பாட்டை எவன்க்கா கேப்பான்!"

கிறிஸ்துமஸ் அன்று வட்டத்தில் எள் போட்டால் எள் விழாது. நான் தைத்த சிவப்பும் மஞ்சளும் பச்சையும் எங்கே பார்த்தாலும் சுழன்றன. விசில் சத்தத்தில் காது கிழிந்தது. அக்கா ஒரு லாரியின் மேல் ஸ்பீக்கர்களுக்கு நடுவே உட்கார்ந்து, தன் கையாலேயே பாட்டை ஓட்டினார். அத்தை லாரிக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, அண்டாவை முன்னால் வைத்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பியிருந்தார்.

எபோவின் பாட்டு ஆரம்பித்தது. கிட்டார் இரண்டு சுற்று சுற்றி நின்றது. பிறகு ஒன்றுமில்லை. கரண்டு போய்விட்டதென்று நினைத்தேன். அடுத்த கணம் முகமூடிகளும் வாத்தியக்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களுமாக வட்டமே சேர்ந்து கூவியது: "டொக்கொனோ ஓஓஓ ஹே!"

எனக்குப் புல்லரித்தது. அத்தைக்கோ ஆத்திரம் தாங்கவில்லை. முக்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார்.

"அடச்சீ, நிறுத்துங்கடா! அதுவா கூவல்? ஆடு கத்துற மாதிரி!"

இடுப்பில் கைவைத்து, கழுத்தை நிமிர்த்தி, அத்தை கூவினார். நாட்கணக்காகப் பூட்டிவைத்த குரல். அந்த இழுப்பு வட்டத்தைச் சுற்றி வந்தது, கடைசி வெட்டு சுவரில் பட்டு ஒடிந்தது. ஆயிரம் இடுப்புகள் மத்தளத்துக்காகக் காத்து நின்றன.

மத்தளம் வரவில்லை. லாரியின் மேல் அக்கா பாட்டை நிறுத்தியிருந்தார்.

"அக்கா! என் பாட்டு!" என்று எபோ அலறினான்.

"இருடா. சனம் சாப்பிடட்டும்."

ஆட ஒன்றுமில்லாமல் நின்ற கூட்டத்துக்கு அப்போதுதான் பசித்தது. சிவப்புக் கொசுவம் கட்டிய ஒருவன் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அண்டாவிடம் வந்தான். அவன் பின்னால் இன்னொருவன், அவன் பின்னால் டிரம்பெட்டும் கையுமாக ஒருவன். அத்தை அண்டா மூடியைத் திறந்தார், ஆவி எழுந்தது. "தள்ளாதீங்கடா, எல்லாருக்கும் இருக்கு!" என்று திட்டிக்கொண்டே மறுபடி கூவினார். முதலில் கூவியதைவிட அது இன்னும் அருமை.

பழக்க தோஷத்தில் அக்காவின் கை போனை எடுத்து நீட்டியிருந்தது. கட்டைவிரல் சிவப்புப் பொத்தானின் மேல் நிற்பதை நான் பார்த்தேன். அக்கா அத்தையைப் பார்த்தார், போனைப் பார்த்தார். அமுக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டார். ஹெட்போனைக் கழற்றி எபோவின் தலையில் மாட்டிவிட்டு, ஜோடியில்லாத செருப்புகளோடு லாரியிலிருந்து இறங்கி, வரிசையின் கடைசியில் போய்க் கையை நீட்டி நின்றார்.