குவியலில் எடுத்த சைக்கிள்

வெள்ளிக்கிழமை காலைகளில் இவர் சைக்கிளைக் குளிக்கவார்த்து முடிக்கும்வரை நான் கிணற்றடிப் பக்கம் போவதில்லை. இவர் என்றால் என் வீட்டுக்காரர். முதலில் பழைய சாரத்துண்டால் புழுதி தட்டுவார். பிறகு சவர்க்காரம். பிறகு சில்லுக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் துடைப்பார். செயினுக்கு எண்ணெய் விடுவார். கடைசியில் முன் மட்காட்டில் மூன்று குறி திருநீறும், ஹாண்டிலுக்குக் கீழே ஒரு சந்தனப் பொட்டும். நான் காய்ச்சலில் படுத்தால் குசினி வாசலில் நின்றபடியே “குளிசை போட்டனீரோ?” என்று கேட்டுவிட்டுப் போகிற மனிசன், சைக்கிள் கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டால் சோற்றில் கை வைக்கமாட்டார்.

இவ்வளவையும் சொந்தச் சைக்கிளுக்குச் செய்தால் நான் ஏன் வாய் திறக்கிறேன்? அது இவருடைய சைக்கிளே இல்லை.

சண்டை முடிந்து, முகாமில் இருந்து ஒட்டுசுட்டானுக்குத் திரும்பி, தகரக் கொட்டிலில் நாங்கள் இருந்த காலம் அது. சண்டையின் கடைசி நாட்களில் கடற்கரைப் பக்கம் சனம் போட்டுவிட்டு வந்த சைக்கிள்களைக் குவித்து வைத்திருக்கிறார்களாம், அவரவர் தங்களுடையதை அடையாளம் காட்டி எடுக்கலாமாம் என்று ஊரில் கதை வந்தது. இவர் அன்று இரவு நித்திரை கொள்ளவில்லை. விடிந்ததும் நானும் கூடப் போனேன். பனை உயரம் என்றால் புழுகு, ஆனால் வீட்டு முகட்டைவிட உயரமாகவே கிடந்தன. அத்தனையும் ஒரே துரு. கம்பிகளுக்குள்ளால் புல் முளைத்திருந்தது. ஆம்பிளைகள் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்து, ஹாண்டில்களைத் தடவி, “இதுதான், இதேதான்” என்று சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒரே சைக்கிளை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்ததையும் பார்த்தேன். இவர் ஒன்றை இழுத்து எடுத்து, “பாரும், என்ர சைக்கிள்!” என்றார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முகாமில் என்னைத் தேடி வந்தபோது, மெலிந்து கறுத்துப் போயிருந்த என்னை யாரோ பெண்பிள்ளை என்று தாண்டிப் போன மனிசன் இவர். கட்டின பெண்சாதியைத் தெரியாதவருக்குத் துருப்பிடித்த இரும்பைத் தெரிந்துவிட்டதாம். எங்கள் சைக்கிளுக்கு அரைச் செயின்கவர், இதற்கு முழுச் செயின்கவர். இதன் பாருக்குக் கீழே, சரிந்த குழாயின் இரண்டு பக்கமும் விரல் நீளத்தில் இரண்டு கம்பித் துண்டுகள் வெல்டிங் பிடித்திருந்தன. எங்களுடையதில் அப்படி ஒன்றுமே இருந்ததில்லை.

“இதென்ன கம்பி?” என்று கேட்டேன்.

“மண்ணெண்ணெய்க் கான் கொழுவ நான் அடிச்சது.”

“எப்ப அடிச்சனீங்கள்?”

“நீர் மறந்திட்டீர்.”

முன்பக்கத்தில் சின்னத் தகடு ஒன்று இருந்தது. அதில் முகம் அழிந்து ஒரு பெண் உருவம். வற்றாப்பளை அம்மன் என்றார் இவர். “அம்மன் ஏன் தலையில நீலத்துணி போட்டிருக்கிறா?” என்று கேட்டேன். வெயிலில் நிறம் மாறிவிட்டதாம். அம்மனுக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமைச் சந்தனப் பொட்டு.

அதற்கு மேல் நான் கிண்டவில்லை. வீட்டுக்குக் கூரை இல்லை, உழவு இயந்திரம் இல்லை, இவருடைய தம்பி இல்லை. அந்தக் கடற்கரையில் விட்டதில் இவர் திருப்பிக் கொண்டுவந்தது இந்த ஒன்றைத்தான். இதுவும் இல்லை என்று சொன்னால் மனிசனுக்கு என்ன மிஞ்சும்? அதனால் வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டேன் என்றால், என் அளவுக்கு.

ஆண்டுகள் போகப் போக இவருடைய புழுகும் வளர்ந்தது. சைக்கிளைப் பரந்தனில் வாங்கினாராம், அதில் நெல்மூட்டை இரண்டு ஏற்றிக் கனகராயன்குளம் வரைக்கும் உழக்கினாராம், வழியில் யானை மறித்தபோது பெல் அடித்தாராம், யானை விலகி வழி விட்டதாம். எங்கள் பக்கத்து யானைகள் வெடிக்கே அசைவதில்லை. கேட்கிற சனமும் ஓம் ஓம் என்று தலையாட்டும். ஊரில் எல்லோரும் மோட்டார் சைக்கிளுக்கு மாறிய பிறகு அந்தச் சனமும் குறைந்துவிட்டது. இவர் ஒற்றையனாக உழக்கிக்கொண்டு திரிந்தார்.

ஆனைக்கொரு காலமென்றால் பூனைக்கொரு காலம் வரத்தானே வேணும். நாடு முழுக்கப் பெற்றோல் இல்லாமல் போன அந்த வருசம் வந்தது. மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் பெற்றோல் செட்டில் இருந்து சந்தி தாண்டி வரிசையில் நின்றன. இவருக்குப் பெற்றோல் செட்டடியில் ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் காலையில் ஒருக்கால், பின்னேரம் ஒருக்கால் வெளிக்கிட்டு, வரிசையின் முழு நீளத்துக்கும் பெல் அடித்துக்கொண்டே போய் வருவார். யாராவது பாவம் பார்த்து “அண்ணை, குடுத்து வச்சனீங்கள்” என்று சொல்லிவிட்டால் இறங்கி ஸ்ராண்ட் போட்டுவிடுவார். பிறகு யானை வரைக்கும் கதை ஓடும். வெயிலில் காய்கிறவன் வரிசையை விட்டு எங்கே ஓடுவான்? இவருக்கு அதைவிட நல்ல கூட்டம் கிடைத்ததே இல்லை.

அந்த நாட்களில்தான் மீன்காரரும் சைக்கிளுக்கு மாறினார். தண்ணீரூற்றுக்கு அங்கால், கடற்கரை ஆள். வழக்கமாக மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டி கட்டி வந்து ஒழுங்கை முனையிலேயே விற்றுவிட்டுப் போகிறவர், ஒரு புதன்கிழமை, பார் இல்லாத பொம்பிளைச் சைக்கிளில் வேர்த்து ஒழுகிக்கொண்டு எங்கள் முற்றத்திலேயே வந்து இறங்கினார். பெண்சாதியின் சைக்கிளாக்கும் என்று நினைத்து, மரியாதைக்கு நான் ஒன்றும் கேட்கவில்லை. சட்டியை நீட்டினேன். சூடை மீனை அள்ளிப் போட்டவரின் கை பாதியில் நின்றது. மாமரத்தில் சாத்தியிருந்த சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அக்கா, உந்தச் சைக்கிள் ஆருடையது?”

நான் பதில் சொல்ல முதலே இவர் கதிரையில் இருந்து எழும்பி வந்துவிட்டார். புதிதாக ஒரு ஆள் வாயைக் கொடுத்தால் விடுவாரா? பரந்தனில் தொடங்கினார். நெல்மூட்டை, கனகராயன்குளம், யானை. மண்ணெண்ணெய்க் கானுக்கு அடித்த கம்பியையும் அம்மனையும் விரல் நீட்டிக் காட்டினார். எல்லாம் முடிந்த பிறகு மீன்காரர், “அக்கா, கொஞ்சம் தண்ணி தாங்கோ” என்றார். குடிக்கக் கேட்கிறார் என்று செம்பைக் கொடுத்தேன். அவர் மீன் கையை நன்றாகக் கழுவி, சாரத்தில் துடைத்து, பிறகுதான் சைக்கிளைத் தொட்டார். அந்த இரண்டு கம்பிகளையும் இரண்டு கையாலும் பிடித்தார்.

“அண்ணை, குறை நினையாதேங்கோ. இது கானுக்கு அடிச்சதில்லை. மகளைப் பாரில இருத்திக் கொண்டு போகேக்க சில்லுக்க கால் போயிடும் எண்டு, அவள் கால் வைக்க நான் அடிச்சது. இது அம்மன் இல்லை, மடு மாதா. திருவிழாவுக்குப் போன இடத்தில அவள்தான் வாங்கி ஒட்டச் சொன்னவள்.”

“தம்பி, சைக்கிள் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும்” என்றார் இவர். குரலில் சத்தம் இருந்தது, ஆனால் உள்ளே காற்றுப் போய்விட்டது எனக்குத் தெரிந்தது. பிறகு, “பிள்ளை இப்ப எங்க?” என்று கேட்டார்.

“அவள் எங்களோட வரேல்லை. அங்கயே நிண்டிட்டாள்.”

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

இத்தனை வருசம் அந்தச் சைக்கிளை வைத்து இவரை நக்கலடித்த நான், அந்த நேரத்தில் என்ன செய்தேன் தெரியுமா? “இல்லைத் தம்பி, இது எங்கடதான், கலியாணத்துக்கு என்ர ஐயா வாங்கித் தந்தது” என்று பச்சைப் பொய் சொல்ல வாய் திறந்தேன். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவரின் முகத்துக்கு நேரே. இவருடைய கையில் இருந்து அதை வாங்கிக்கொண்டு போக விட எனக்கு மனம் வரவில்லை. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “நீர் சும்மா இரும்” என்றார்.

பிறகு உள்ளே போய்க் காற்றுப் பம்பைக் கொண்டுவந்து, குந்தியிருந்து இரண்டு சில்லுக்கும் காற்று அடித்தார். சீற்றைத் துண்டால் துடைத்தார். ஹாண்டிலை மீன்காரரின் கையில் கொடுத்து, “பின் பிறேக் கொஞ்சம் பிந்தித்தான் பிடிக்கும். பள்ளத்தில கவனமா இறக்குங்கோ” என்றார். வேறு ஒரு சொல் வரவில்லை. யானையை விலக்கிய மனிசனுக்கு.

மீன்காரர் பெட்டியை அவிழ்த்து இதன் கரியரில் கட்டினார். தான் வந்த பொம்பிளைச் சைக்கிளை எங்கள் மாமரத்தில் சாத்தினார்.

“ஐயோ தம்பி, உங்கட வீட்டுச் சைக்கிளையும் விட்டிட்டுப் போறியளே?” என்றேன்.

“அது எங்கட வீட்டுச் சைக்கிள் இல்லையக்கா. நானும் அந்தக் குவியலுக்கதான் எடுத்தனான். என்ர எண்டு சத்தியம் பண்ணித்தான் எடுத்தனான்.” சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “மீசை வச்ச ஆம்பிளை, பொம்பிளைச் சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு என்ர எண்டு நிண்டனான். ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை.”

அவர் ஏறி உழக்கவில்லை. ஒழுங்கை முடியும்வரை உருட்டிக்கொண்டே போனார்.

அந்தப் பொம்பிளைச் சைக்கிளில் மீன் நாற்றம் போக எத்தனையோ தேசிக்காய் தேய்க்க வேண்டியிருந்தது. இவர் கௌரவம் பார்த்து அதைத் தொடமாட்டார் என்று நினைத்தேன். தொட்டார். கழுவினார், எண்ணெய் விட்டார், ஏறியும் உழக்குகிறார். முழங்கால் ஹாண்டிலில் இடிக்க இடிக்க ஊர்வலம் போகிறது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தபோது எனக்குத்தான் கோபம் வந்தது, இவருக்கு வரவில்லை. அதற்கு ஒரு கதையும் கட்டவில்லை. இப்போது பெற்றோல் தாராளமாகக் கிடைக்கிறது, மோட்டார் சைக்கிள்கள் பழையபடி பறக்கின்றன. இவர் மட்டும் கோயில் திருவிழா, செத்தவீடு, சந்தை என்று சனம் கூடுகிற இடத்துக்கெல்லாம் அதைக் கொண்டுபோய், எல்லோர் கண்ணிலும் படும்படி வாசலிலேயே நிறுத்துகிறார். யாராவது ஒரு பெண் அதை இரண்டாம் தரம் திரும்பிப் பார்த்தால், குடித்துக்கொண்டிருக்கிற தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போய், “பிள்ளை, இது உங்கடையோ?” என்று கேட்கிறார். இன்றுவரை ஒருத்தியும் ஓம் என்று சொல்லவில்லை.