மூங் காகாவின் கோசுமல்லி

புனேயை ஒட்டிய சாங்வியில் அந்த அடுக்குமாடி சொசைட்டிக்குள் சூர்யநாராயணன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மூங் காகா, அதாவது பயத்தம்பருப்பு மாமா, என்று கேட்க வேண்டும். ராணுவக் கணக்கு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அவருக்குச் சர்க்கரை வந்தது. சர்க்கரையோடு பயத்தம்பருப்பின் மேல் பக்தியும் வந்தது. காலை நடையில் யார் அகப்பட்டாலும் விடமாட்டார். ஊறவைத்த பருப்பு, வெள்ளரிக்காய், துளி மாங்காய், எலுமிச்சை. புரதம், நார்ச்சத்து எல்லாம் ஒரே கிண்ணத்தில், சர்க்கரையும் சட்டென்று ஏறாது என்று மராத்தியும் ஹிந்தியுமாகப் பொழிவார். கேட்டவர்கள் பலமாகத் தலையாட்டிவிட்டு நேரே வடாபாவ் வண்டிக்குப் போவார்கள்.

பாவம், அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். தன் வீட்டைத் தவிர இன்னொரு வீட்டிலாவது கோசுமல்லிக்குப் பருப்பு ஊற வேண்டும்.

ராமநவமிக்கு சொசைட்டியையே கூப்பிட்டுவிட்டார். "இன்னிக்கு எல்லாம் என் கையாலதான். நீ சமையலுள் பக்கமே வராதே" என்று மனைவி பாமாவிடம் கண்டிப்பாகச் சொன்னார். முன்னாலேயே உப்புப் போட்டால் வெள்ளரிக்காய் தண்ணீர் விட்டுவிடும். அதனால் நைவேத்தியத்துக்குச் சற்று முன் மறக்காமல் போட்டுக் கலந்துவிட்டு, பூஜை மணியைத் தேடப் போனார். அவர் மறதியோடு முப்பது வருஷம் குடித்தனம் செய்த பாமா, அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்து தாராளமாக இன்னொரு கை உப்புப் போட்டாள். சுவாமிக்குப் படைக்குமுன் ருசி பார்க்கக் கூடாதே! ராமர் ஒன்றும் சொல்லவில்லை.

வந்தவர்களும் சொல்லவில்லை. பிரசாதத்தைக் குறை சொல்வார்களா? மூன்றாம் மாடி சுஷ்மா ஒரு வாய் போட்டதும் கண்களை இறுக மூடிக்கொண்டாள். பக்தி என்று நினைத்து இவர் இன்னொரு கரண்டி வைத்தார். பானகம் மட்டும் எக்கச்சக்கமாகச் செலவழிந்தது.

எல்லாரும் போனபின் தானும் ஒரு வாய் போட்டார்.

"பாமா! நீயும் உப்புப் போட்டியா?"

"ஏன்னா, நீங்க போட்டேளா?"

அவர் முகம் தொங்கிப்போயிற்று. "போச்சு. ஊரைக் கூட்டி நானே கெடுத்துண்டேன். இனிமே பருப்புன்னாலே ஓடுவா."

பாமாவுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. நீர்மோரை நீட்டினாள்.

மறுநாள் காலை நடையில் அவர் வாயே திறக்கவில்லை. சுஷ்மாதான் பின்னால் ஓடி வந்து மராத்தியில் பிடித்துக்கொண்டாள்.

"காகா, நேத்து ராத்திரி நானும் அதைச் செஞ்சேன். பசங்க சண்டை போட்டுக்கிட்டு தின்னாங்க." சற்றுத் தயங்கினாள். "கோவிச்சுக்காதீங்க, உப்பை மட்டும் கொஞ்சம் குறைச்சுட்டேன்."

சூர்யநாராயணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதைக் காட்டிக்கொள்ளாமல் நிமிர்ந்து நின்றார்.

"உடம்புக்கு அதுதான் நல்லது" என்றார் கம்பீரமாக. "அப்படியே மேலே போய் பாமாகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடும்மா."