குளத்துப் படத்தில் பாதி நான்

ஏழு வயதில் நான் ஒருமுறை செத்துப்போனேன். அப்படித்தான் நம்பினேன். செத்த பிறகும் பசித்தது ஒன்றுதான் கொஞ்சம் இடித்தது.

என் மாமா, அம்மாவின் தம்பி, சிராங்கூன் சாலையில் ஒரு படக்கடையில் கண்ணாடித் தகடு கழுவிக்கொண்டிருந்தார். நாள் முழுக்க மாப்பிள்ளை முகங்களைக் கழுவிச் சலித்தவருக்கு வானத்தைப் பிடிக்க ஆசை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒருநாள் திடீரென என்னை மாட்டுவண்டியில் ஏற்றி, புக்கித் தீமா குன்றுக்குக் கொண்டுபோனார். குன்றுக் குளத்தில் அந்தி சிவந்து கிடந்தது. முக்காலியில் படப்பெட்டியை நிறுத்தி, என்னைக் கரையில் நிற்கவைத்தார். பெட்டியின் கண்மூடியைத் திறந்தால் விண்மீன் முளைத்து நகர்ந்த பிறகுதான் மூடுவாராம்.

"அசையாதேடா. அசைஞ்சா படத்துல இருக்க மாட்டே."

நின்றேன். கொசுக்கள் பந்தி பந்தியாக வந்து சாப்பிட்டுப் போயின. பிறகு புதர் சலசலத்தது. புலி என்று முடிவுகட்டி வண்டிக்கடியில் போய் விழுந்தேன். வந்தது உடும்பு.

மறுநாள் படத்தைப் பார்த்தேன். வானம், குளம், நூல்நூலாக விண்மீன்கள், கரையில் நான். என் வயிற்றுக்குள் மரம் தெரிந்தது. பேய்க்குத்தான் அப்படித் தெரியும். மாமாவிடம் கேட்டேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார்.

தெருவுக்கு ஓடிச் சோதித்தேன். எருமை வழிவிடவில்லை. எருமை கவர்னர் துரைக்கே வழிவிடாது என்பது அப்போது தோன்றவில்லை. தினமும் என் கன்னத்தைக் கிள்ளும் எதிர்வீட்டு அத்தை ஆப்பத்தைத் தரையில் வைத்துவிட்டு விலகினார்.

"தள்ளி நில்லுப்பா, மேல பட்டுடாதே."

கோவில் வாசலில் பண்டாரம் கையைக் காட்டியே திருப்பியனுப்பினார். வீட்டில் சாமி விளக்கு ஏற்றவில்லை. எங்கள் வீட்டுத் தீட்டு தெருவுக்கே தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியாது. செத்ததற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். காலையிலிருந்து எத்தனை முறை கூப்பிட்டும் பதிலில்லை. கால்மாட்டில் உட்கார்ந்து, நான் செத்துப்போய்விட்டேனா என்று கேட்டேன்.

திரும்பினாள்.

"நீ இருக்கேடா," என்றாள். "நீ இருக்கே."

சொல்லிவிட்டு அவள் அழுத அழுகையில், நான் செத்தது எனக்கு உறுதியாகிவிட்டது.

பாதியில் ஓடியதால் படத்தில் பாதிதான் விழுந்திருந்தேன், அவ்வளவுதான். நாங்கள் குளக்கரையில் காத்திருந்த அந்தியில் எனக்கு ஒரு தம்பி பிறந்து, விண்மீன் முளைக்கும் முன்பே இறந்திருந்தான்.