மூன்று கோப்பை காப்பியும் ஒற்றை டின்னும்

ஃபந்தாயே சுகாதாரப் பணியாளராகக் கோஜாம் மேட்டுநிலத்துக் கிராமத்துக்கு வந்து பதினோரு வருடம். கழிப்பறைக்குப் பக்கத்தில் தண்ணீர் டின் கட்டுங்கள், கை கழுவுங்கள் என்று வீடு வீடாகச் சொல்வதுதான் வேலை. ஊர் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. அரசாங்கம் கொடுத்த மஞ்சள் டின்களை நாற்பது வீடுகளும் நன்றியோடு வாங்கிக்கொண்டன. கை கழுவ வேண்டுமென்றால் டின்னில் ஓட்டை போட வேண்டும். ஓட்டை போட்டால் சாராயம் நிற்காது. நாற்பது வீடுகளும் தீர யோசித்தன. ஓட்டை விழுந்தது ஃபந்தாயேயின் சொந்த டின்னில் மட்டும்.

இந்த லட்சணத்தில் ஒரு கடிதம் வந்தது. எல்லா வீட்டிலும் டின் தொங்கும் ஊரின் பணியாளருக்குப் பட்டணத்து நர்சிங் கல்லூரியில் ஓர் இடம். வருகிற புதன்கிழமை அதிகாரி வந்து மூன்று வீடுகளைப் பார்ப்பார். ஃபந்தாயேக்கு முப்பத்திரண்டு வயது. இதை விட்டால் அடுத்த கடிதம் வரும்போது அவளையே யாராவது படுக்கையில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

"ஒரு டின்னு, மூணு வீடு. இதுல என்ன கஷ்டம்?" என்றார் ஊர்க்காவலர் தம்தெ. அவரிடம் துப்பாக்கி உண்டு. தோட்டா கொடுத்த ஆட்சிதான் போய்விட்டது. "மூணு கோப்பை காப்பி குடிக்காம எந்த விருந்தாளி எழுந்திருப்பான்? அவர் மூணாவதை உறிஞ்சறதுக்குள்ள டின்னைப் போர்வைக்குள்ள வச்சு அடுத்த வீட்டுல மாட்டிட மாட்டேனா?"

"புதன்கிழமை விரதமாச்சே, காஷே?" என்றாள் ஃபந்தாயே. வயதில் மூத்த ஆண்களை அந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"விரதம் நமக்கு. ஜீப்புல வர்றவனுக்கு ஏதும்மா புதன்கிழமை?"

அதிகாரி லாக்கெவ் வந்தார். பட்டியலில் மூன்று பெயர்களைத் தொட்டார். முதல் வீடு பிசுனெஷுடையது; அவர் நடந்து வருவதற்குள் தம்தெ அங்கே டின்னை மாட்டிவிட்டிருந்தார். விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத அந்த அம்மாள் தரையில் புல் பரப்பி, சாம்பிராணி போட்டு, காப்பிக்கொட்டை வறுக்க உட்கார்ந்தாள். அதிகாரி டின்னைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு நெஞ்சில் கை வைத்தார்.

"மன்னிக்கணும் அம்மா, இன்னிக்குப் புதன். மத்தியானப் பூசை முடியற வரைக்கும் தண்ணிகூடக் கிடையாது."

பிசுனெஷ் பயபக்தியோடு சிலுவை போட்டுக்கொண்டாள். ஃபந்தாயேயின் காதில் மட்டும் சொன்னாள்: "இந்த மனுஷனுக்கு உத்தியோகம் பத்தாதா, பக்தி வேற வேணுமா?"

தம்தெ டின்னைப் போர்வைக்குள் செருகியதுதான் தாமதம், "வாங்க, வழி காட்டுங்க" என்று அதிகாரி அவர் தோளைத் தொட்டார். தம்தெயின் காலோரமாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது.

இரண்டாவது வீட்டுக் கிழவர் வொர்க்நெ கொல்லையில் வரிசையாக நான்கு குழிகளைக் காட்டினார். "அரசர் காலத்துல இதைத் தோண்டச் சொன்னாங்க. ராணுவம் வந்து, இது நிலப்பிரபு குழி, வேற தோண்டுன்னாங்க. அவங்களுக்கு அப்புறம் வந்தவங்க அதை மூடுன்னாங்க. நாலாவது இப்போதைய குழி. நாங்க போறது என்னவோ அன்னிலேருந்து அந்தத் தைலமரத் தோப்புக்குத்தான்."

"டின் எங்கே?"

கிழவர் தம்தெயின் ஈரக் காலைப் பார்த்தார். "அதுவும் இப்பத்தான் உங்களோட வந்துச்சு."

கல்லூரி நான்காவது குழிக்குள் விழுவதை ஃபந்தாயே கண்ணால் பார்த்தாள். இனி மறைத்து என்ன? "ஊருக்கே ஒரே டின்தான் ஐயா. மத்த எல்லாத்துலயும் சாராயம் இருக்கு. பதினோரு வருஷம் சொன்னேன். எல்லாரும் நல்லா தலையாட்டினாங்க."

அதிகாரி நோட்டைத் திறந்தார்; மூடினார்.

"எல்லா ஊர்லயும் டின் இருக்குன்னு போன மாசமே தலைநகருக்கு அனுப்பியாச்சு, ஃபந்தாயே. இப்ப இல்லைன்னு எழுதினா என் தலைதான் போகும். ஆனா விரத நாள்ல நான் பொய் எழுதறதில்லை." வானத்தைப் பார்த்து யோசித்தார். "நாளைக்கு வியாழன். வர்றேன். காப்பி குடிப்பேன். மெதுவாவே குடிப்பேன்."

மறுநாள் மூன்று வீடுகளில் ஒன்பது கோப்பை குடித்தார். காப்பியில் நடுங்கிய கையால் கையெழுத்துப் போட்டார். இடையில் டின்னில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளக்கூடத் தம்தெக்கு நேரம் இருந்தது. அந்த டின் இப்போது அவர் வீட்டில், துப்பாக்கிக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

கல்லூரியில் முதல் பாடம் கை கழுவுவது. குழாயில் தண்ணீர் வரவில்லை. கழுவியதாக எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், ஃபந்தாயேயும் போட்டாள். சாயங்காலம் சந்தைக்குப் போய் ஒரு மஞ்சள் டின்னும், ஓட்டை போட ஓர் ஆணியும் வாங்கினாள்.