லாரிக் கதவில் வரைந்த செல்

முப்பத்தெட்டு வயதில் லேப் டெக்னீசியன் படிப்பில் சேர்ந்தேன். அந்த வருடம்தான் என் கணவருக்குச் சர்க்கரை ஏறி, டாக்டர் இன்சுலின் எழுதிக்கொடுத்தார். கன்டெய்னர் லாரி ஓட்டுகிற மனிதர், அந்தச் சின்ன ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தினமும் நான்தான் போட்டுவிட வேண்டும்.

ஒரு ஞாயிறு மதியம், துறைமுகத்துக்குப் போகும் லாரி வரிசை திருவொற்றியூரில் அசையாமல் நின்றது; அதில் அவர் லாரியும். சாப்பாடும் ஊசியும் எடுத்துக்கொண்டு போனேன். மறுநாள் தேர்வு என்பதால் புத்தகமும் கையில். கேபினில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன்.

“இன்னாமே முணுமுணுத்துகினு கீற?” என்றார் அவர்.

“ஒடம்புல இன்சுலின் எப்டி உருவாவுதுன்னு படிச்சிகினு கீறேன்.”

“எனக்குஞ் சொல்லு.”

இறங்கி, தூசி படிந்த கதவில் விரலால் கணையத்தின் செல் ஒன்றை வரைந்தேன். நடுவில் உட்கரு, இன்சுலினுக்கான குறிப்பு அங்கே இருக்கிறது. அதன் நகல் வெளியே வரும். ரைபோசோம் அதைப் படித்து அமினோ அமிலங்களைச் சங்கிலியாகக் கோக்கும். சங்கிலி எண்டோபிளாச வலைக்குள் போய் மடியும். கோணலாக மடிந்ததைச் செல்லே சிதைத்துவிடும். சரியானது கோல்கை என்ற பகுதிக்குப் போய்ப் பையில் அடைபடும்; சாப்பிட்டதும் பை திறந்து ரத்தத்தில் கலக்கும். இத்தனைக்கும் ஆற்றல் தருவது மைட்டோகாண்ட்ரியா. பின்னால் நின்ற லாரிகளின் டிரைவர்கள் இரண்டு பேர் வந்து நின்று கேட்டார்கள்.

“மடிஞ்சதுமே இன்சுலின் ரெடியா?” என்றார் கணவர்.

எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தைப் புரட்டினேன். பைக்குள் போன பிறகுதான் சங்கிலியின் நடுத்துண்டு வெட்டப்படுகிறது. அப்புறம்தான் அது இன்சுலின். மூன்று நாளாக நான் தாண்டிப் போன வரி!

“இம்மாம் வேலையா? இத்தினி வருசமா உள்ள நடந்துகினு இருந்துச்சு, நமக்குத் தெரியவே இல்லியே!” என்றார். பிறகு, “குடு அத்த” என்று ஊசியை வாங்கி, சட்டையைத் தூக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு தானே போட்டுக்கொண்டார். டிரைவர்கள் கைதட்டினார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் வரிசை நகர்ந்தது. பின்னாலிருந்து ஹாரன்.

“இரு மாமு! பையி இன்னும் தொறக்கல, இன்சுலின் ரத்தத்துக்கே போவல!” என்று பின்னால் திரும்பிக் கத்தினார் கணவர்.

மறுநாள் வினாத்தாளில் சிறுநீரகம்தான் வந்திருந்தது. அதிலும் தேறினேன்.